சுவரில் ஒரு சிகரெட்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு உறவினர் வந்தால் கூட்டிக்கொண்டு போகிற இடங்களின் பட்டியல் எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் மாறிவிட்டது. மெர்லயன் அப்படியே இருக்கிறது, முஸ்தபா கடை இல்லாமல் முடியாது. ஜூரோங் பறவைப் பூங்காவை மூடிய பிறகு, பட்டியலில் அதன் இடத்தைச் சுவர்கள் பிடித்துக்கொண்டன. "ஹாஜி லேன் போகணும் மாமா, அங்க செவுத்துல பெரிய பெரிய படமா இருக்காமே" என்று திருச்சியிலிருந்து வந்த அக்கா மகள் கேட்டபோது நாங்கள் விமான நிலையத்தை விட்டே வெளியே வரவில்லை. சரி என்று மறுநாள் போனோம். அவள் ஒவ்வொரு சுவர் முன்னும் நின்று, சாய்ந்து, குதித்துப் படம் எடுத்துக்கொண்டாள். நான் பைகளுக்குக் காவலாக ஓரத்தில் நின்றேன். அப்போது மனதில் எழுந்த கேள்வி கொஞ்சம் அல்பமானதுதான். இந்தப் படங்களை யாராவது பார்க்கிறார்களா? எல்லாரும் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே நிற்கிறார்கள்?

சிங்கப்பூர்ச் சுவரோவியங்கள் மீது எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சலிப்பு உண்டு. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கே சுவர் மட்டும் இருந்தால் போதாது, கடிதமும் வேண்டும். கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழைய கடைவீடு என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் என்றால் நகர மன்றம் தலையசைக்க வேண்டும். இத்தனை மேசைகளைத் தாண்டி ஒரு படம் சுவரில் ஏறும்போது, அதில் யாருக்கும் உறுத்துகிற மாதிரி எதுவும் மிஞ்சியிருக்காது என்பது என் எண்ணம். மயில் இருக்கும். பூ இருக்கும். கோப்பி குடிக்கும் தாத்தா இருப்பார்.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. சுவரில் கிறுக்கினால் பிரம்படி என்ற சட்டம் 1966ல் வந்தது. குறைந்தது மூன்று, அதிகபட்சம் எட்டு. உலகம் முழுக்க இந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டது 1994ல், காருக்குச் சாயம் அடித்த வழக்கில் ஓர் அமெரிக்கப் பையன் நான்கு பிரம்படி வாங்கியபோது. அதனால் இது ஊரைச் சுத்தமாக வைத்திருக்க வந்த சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அறுபதுகளின் சூழல் வேறு. அப்போது இரவோடு இரவாகச் சுவர்களில் ஏறியவை பூவும் மயிலும் அல்ல, அரசியல் முழக்கங்கள். எதிர்க்கட்சி ஆதரவாளர்களின் சாய வாளிதான் அன்றைக்கு அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியது. ஆக, இந்த ஊர்ச் சுவர்கள் பேசத் தெரியாதவை அல்ல. பேசிக்கொண்டிருந்தவை, நிறுத்திவிட்டன.

பள்ளி விடுமுறைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் இந்த வித்தியாசம் முகத்தில் அறையும். பேருந்து ஜன்னலுக்கு வெளியே சுவர்கள் கத்திக்கொண்டே வரும். உதயசூரியன், இரட்டை இலை, ஜவுளிக்கடை, பல் மருத்துவர், மூலம் பௌத்திரம். தேர்தலுக்குப் பல மாதம் முன்பே வெள்ளையடித்து, கட்சிப் பெயரை ஓரத்தில் எழுதி முன்பதிவு செய்த சுவர்கள். யாரும் அவற்றை ஓவியம் என்று சொல்லவில்லை, யாரும் அவற்றின் முன்னே நின்று படம் எடுக்கவும் இல்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து அவற்றைப் படித்தார்கள், திட்டினார்கள், சிரித்தார்கள். இப்போது அங்கேயும் காட்சி மாறிவருகிறது. சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர் முழுக்க முகங்கள் வரைந்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டவர்கள் வாழும் இடம் அது. அந்த முகங்களைப் பார்த்தால் எனக்குப் பெருமையும் சங்கடமும் சேர்ந்தே வருகின்றன. அதைப் பற்றி எழுத இன்னொரு நாள் வேண்டும்.

போனவர்களுக்குத்தான் சுவர்

இங்கே நன்றாக வரைகிறவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே 2015ல் எவர்ட்டன் ரோட்டில் வரையத் தொடங்கிய யிப் யூ சோங்கின் சுவர்களை நானும் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கும் ஆயா, பழைய மளிகைக்கடை, தியோங் பாருவில் பறவைக் கூண்டுகள் தொங்கிய மூலை. அமோய் ஸ்திரீட் பக்கம் தியான் ஹோக் கெங் கோவிலின் பின்சுவரில் 44 மீட்டர் நீளத்துக்கு ஹொக்கியன் சீனக் குடியேறிகளின் கதை ஓடுகிறது. அலுவலகம் விட்டுப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று, பக்கத்தில் இருப்பவருக்கு எதையோ சுட்டிக்காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மிலோ டின், மரக்கதவு, முக்காலி என்று ஒவ்வொன்றும் யாருக்கோ பாட்டி வீட்டை நினைவுபடுத்துகிறது. இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒரு வரிசையாக இவற்றைப் பார்த்துக்கொண்டு போனால் ஒன்று புரியும். சுவருக்கு ஏற வேண்டுமானால் முதலில் காணாமல் போக வேண்டும். தொழில் அழிந்த பிறகுதான் தொழிலாளி படமாகிறார்.

இது என்னை அதிகம் உறுத்தியது தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவில்தான். பயணத்துறைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் சேர்ந்து 2015ல் தொடங்கி அங்கே சுவரோவியங்கள் வரையவைத்தன. பெலிலியோஸ் லேனில் உள்ளது, அந்த வட்டாரத்தின் பழைய தொழில்களைக் காட்டும் சுவர். பூக்கட்டுகிறவர், சலவைத் தொழிலாளி, கிளி ஜோசியர் எல்லாரும் பளிச்சென்ற நிறங்களில் இருக்கிறார்கள். கெர்பாவ் (மலாயில் எருமை) ரோட்டுப் பக்கம் மாடுகள். அங்கே மாட்டுத் தொழுவங்கள் இருந்த கதை தெரு பெயர்களிலேயே இருக்கிறது. பெலிலியோஸ் என்பவரே கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தச் சந்துக்குப் போனேன். ஞாயிறு மாலைத் தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுவரின் அடியில் சைக்கிள்களும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் சாத்தியிருந்தன. ஓவியத்தின் கீழ்விளிம்பில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் சாயம் மங்கி, செருப்புக் கால்கள் ஊன்றிய தடம் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. அங்கேதான் எல்லாரும் சாய்ந்து நிற்கிறார்கள், ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி, போனில் வீட்டோடு பேசிக்கொண்டு. அதில் ஒருவர் என்னிடம் போனை நீட்டினார். "அண்ணே, ஒரு போட்டோ." புதுக்கோட்டைக்காரராம், கட்டுமான வேலை. கிளி ஜோசியர் பக்கம் நிற்கச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க ஊர்லயே கிளி ஜோசியம் இல்லாமப் போச்சுண்ணே, நீங்க செவுத்துல வச்சிருக்கீங்க." அப்புறம் அங்கே நிற்காமல் நாலு அடி தள்ளிப் போய், வெறும் சுவர் முன்னே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார். "பின்னாடி ஆளு இருந்தா நான் யாருன்னு தெரியாதுல்ல."

அந்தப் படத்தில் அவர் நன்றாகத்தான் விழுந்திருந்தார். நான்தான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பூக்கட்டுகிற அம்மா சுவரில் இருக்கிறார். அடுத்த தெருவில் உயிரோடும் இருக்கிறார், மல்லிகை முழம் போட்டுக்கொண்டு. சரி, அவருக்காவது சுவரில் ஓர் இடம் கிடைத்தது. ஞாயிறுதோறும் இந்தச் சந்துகளை நிரப்புகிற ஆயிரக்கணக்கானவர்கள், இந்த ஊரின் எம்ஆர்டி ரயில் சுரங்கங்களையும் புளோக்குகளையும் கட்டுகிறவர்கள், நான் பார்த்தவரை எந்தச் சுவரிலும் இல்லை. 2013 டிசம்பரில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்து மோதி ஒரு தமிழ்நாட்டு ஊழியர் இறந்ததும், அந்த இரவு கலவரமானதும், 2015ல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவைத் தனி மண்டலமாக்கியதும் சுவரில் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் முட்டாள்தனம். ஆனாலும் மாடுகளுக்கு இடம் இருக்கிறதே என்று தோன்றாமல் இல்லை.

சவுத் பிரிட்ஜ் ரோட்டுப் பெண்

இப்படி ஒரு முடிவோடு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சுற்றுலாவுக்கான வண்ணக் காகிதம், அவ்வளவுதான் என்று. 2024 நடுவில் சைனாடவுனில் நடந்த ஒரு விஷயம்தான் அதைக் கலைத்தது.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் பக்கச் சுவரில், இங்கே குடியேறிய அமெரிக்க ஓவியர் ஷான் டன்ஸ்டன் ஒரு சம்சுய் பெண்ணை வரைந்தார். சம்சுய் பெண்கள் யார் என்று இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு சீனாவின் குவாங்டோங்கிலிருந்து வந்து, தலையில் சிவப்புத் துணியோடு மண்ணும் கல்லும் சுமந்து இந்த ஊரைக் கட்டியவர்கள். நம் கணக்கில் சித்தாள். பாடப் புத்தகத்தில் வரும் அவர்கள் எப்போதும் வயதானவர்கள், எப்போதும் கூடை சுமப்பவர்கள், எப்போதும் தியாகிகள். டன்ஸ்டன் வரைந்த பெண்ணுக்கு இளமையான முகம். வேலை செய்யவில்லை. விரலிடுக்கில் சிகரெட் புகைகிறது.

யாரோ ஒருவர் புகார் எழுதினார். உழைத்த பெண்ணைப்போல் இல்லை, விலைமாதுபோல் இருக்கிறாள் என்பது புகாரின் சாரம். புகைபிடிப்பதற்கு எதிரான அரசாங்க நிலைப்பாட்டோடு ஒத்துப்போகவில்லை, சிகரெட்டை எடுத்துவிடுங்கள் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் சொன்னது. அப்புறம்தான் ஆரம்பித்தது. சம்சுய் பெண்கள் புகைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதினார்கள். பழைய புகைப்படங்கள் வந்தன. இளமையாக இருந்தால் விலைமாதா, களைப்பாற நின்றால் ஒழுக்கம் கெட்டவளா என்று பெண்கள் கேட்டார்கள். இன்னொரு பக்கம், எங்கள் பாட்டியை இப்படிக் காட்டாதீர்கள் என்று உண்மையாகவே வருந்தியவர்களும் இருந்தார்கள். சில வாரங்களில், இது புகையிலை விளம்பரம் ஆகாது, படம் அப்படியே இருக்கலாம் என்று முடிவானது. அனுமதி பெறுவதற்கு முன்பே வரையவிட்டதற்காகக் கட்டட உரிமையாளருக்கு அபராதம்.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வழக்கமாகக் காலை வணக்கமும் கோவில் அன்னதான அறிவிப்பும்தான் வரும். சித்தப்பா இந்தச் செய்தியை அனுப்பி, "எடுக்கச் சொன்னது சரிதான். பெரியவங்களுக்கு மரியாதை வேணாமா" என்று எழுதினார். பெரியம்மா எழுத மாட்டார், குரல்பதிவுதான். "ஏன்டா, உங்கப்பா பீடி குடிக்கலையா? மரியாதை இல்லாத மனுசனா அவரு?" என்று மட்டும் ஒரு பதிவு போட்டார். குழு அன்றைக்கு முழுக்க அமைதியாகிவிட்டது.

தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தஞ்சோங் பகாரில்தான் குடித்தனம். அவருடைய படம் சித்தப்பா வீட்டு ஹாலில் இருக்கிறது, சின்ன மின்விளக்கு எரியும், கண்ணாடியின் மேல் நெற்றியிருக்கும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும். படத்தில் தாத்தா கறுப்புக் கோட்டும் டையும் போட்டிருக்கிறார். வாழ்நாளில் அவர் கோட்டுப் போட்டதில்லை. அவர் இறந்த பிறகு, கூட்டாளிகளோடு எடுத்த ஒரு பழைய படத்திலிருந்து தலையை மட்டும் பிரித்து, ஸ்டூடியோக்காரர் கோட்டில் ஒட்டிக் கொடுத்தது அது. நம் வீடுகளில் பாதிக்கு மேல் தாத்தாக்கள் இப்படித்தான் கோட்டுப் போட்டார்கள். உற்றுப் பார்த்தால் கழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். காலரும் தோலும் சேருகிற இடத்தில் தூரிகையால் தடவிய சாம்பல் கோடு தெரியும்.

அந்த மூலப்படம் பெரியம்மாவிடம் இருந்தது. குழுவில் அமைதி கலையட்டும் என்று காத்திருந்தவர்போல், இரவு அதை அனுப்பினார். சரக்குக் கிடங்கின் வாசல் போலிருக்கிறது. பனியன் போட்ட ஆட்கள், தோளில் துண்டு. தாத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், முழங்கால் மேல் நீட்டிய கையில் பீடி. முகத்தில் ஒரு திமிர். வேலை முடிந்தவனின் திமிர். ஹாலில் இருக்கும் படத்தில் அந்த முகமேதான் இருக்கிறது, ஆனால் பீடி இல்லாமல் அந்தச் சிரிப்புக்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கிறது. கோட்டுப் போட்டவர் ஏன் அப்படிச் சிரிக்க வேண்டும்?

சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் கழித்து, "அப்பா கையைப் பாரு, எவ்வளவு பெரிசு" என்று மட்டும் எழுதினார். மரியாதை பற்றிய விவாதம் அங்கே முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு திருமண வீட்டில் தொடர்ந்தது, இன்னும் தொடர்கிறது. பீடி இருக்கும் படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று அம்மா கேட்க, சித்தி கூடாது என்கிறார். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அருங்காட்சியகத்தில் இதே சம்சுய் பெண் தொங்கியிருந்தால் இப்படி நடந்திருக்காது. உள்ளே போகிறவர் படம் பார்க்கவென்றே போகிறார். பிடிக்கவில்லையென்றால் அடுத்த அறைக்குப் போவார். தெருச் சுவருக்கு அந்த வசதி இல்லை. பேருந்துக்கு நிற்பவர், சாமான் இறக்குபவர், காலையில் நடைபோகும் பாட்டி எல்லாரும் கேட்காமலே அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் புகார் எழுதியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் எழுதியதில் ஒரு வார்த்தையோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு சுவரோவியத்தை முதுகு காட்டாமல், நேருக்கு நேர் நின்று பார்த்தவர் அவர். அவர் எழுதியிருக்காவிட்டால் பெரியம்மா அந்தப் படத்தைத் தேடி எடுத்திருக்க மாட்டார்.

தெருவோவியத்தால் வாடகை ஏறுகிறது, கூட்டம் வருகிறது, சந்து பாதுகாப்பாகிறது என்றெல்லாம் நிறையப் பேசுகிறார்கள். இருக்கலாம். எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. ஊரில் யார் நினைவுகூரப்பட வேண்டும், எந்த உடையில், கையில் எதோடு என்று நமக்குள் ஒரு தீர்ப்பு ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலான சுவர்கள் அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகின்றன. எப்போதாவது ஒன்று மறுக்கிறது. சிகரெட்டை எடுத்துவிட்டிருந்தால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இன்னுமோர் அழகான படம் இருந்திருக்கும், அவ்வளவுதான். அனுமதி முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்ற சுவர்களில் கடன் கொடுப்பவர்களின் மிரட்டல்தான் முதலில் வரும், மின்தூக்கிப் பக்கம் 'ஓ$பி$' (கடன் வாங்கினாய், திருப்பிக் கொடு) பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அனுமதி கொடுப்பவர் புகாருக்குப் பயப்படாமல் இருக்கலாம். 2012ல் சாலையில் 'இது என் தாத்தா ரோடு' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, சாலை கடக்கும் பொத்தான்களில் ஸ்டிக்கர் ஒட்டிய பெண்ணை நினைவிருக்கும். 240 மணிநேரச் சமூக சேவை தண்டனையாகக் கிடைத்தது. அந்த ஸ்டிக்கர்களைப் பார்த்துப் பொத்தானை அழுத்தும்போது சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை.

நண்பரின் பின்சுவர்

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் என் நண்பர் உணவகம் நடத்துகிறார். பின்சுவர் காலி. காற்றாடி வெளியேற்றும் எண்ணெய்ப் புகை படிந்து, ஏசி நீர் வழிந்து, பாசிபிடித்து நிற்கிறது. அதில் ஏதாவது வரையலாமா என்று அவரே கேட்டார். வாழையிலை, மல்லிகை, தோசைக்கல் இப்படி யோசித்து வைத்திருந்தார். உள்ளே பாத்திரம் துலக்குகிறார்களே, கோழி வெட்டுகிறார்களே, மாலை மூன்று மணிக்கு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுகிறார்களே, அவர்களை வரையச் சொல்லுங்களேன் என்றேன். இப்போது இருப்பவர்களை, இப்போது போட்டிருக்கும் பனியனோடு.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "அவங்க ஒத்துக்கணும்ல? பெர்மிட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டா, செவுத்துல இருக்கற ஆளுக்குப் பதில் சொல்றது யாரு?" என்று கேட்டார். நான் எதிர்பார்க்காத கேள்வி. உள்ளே கூப்பிட்டுக் கேட்டோம். மாஸ்டர் வேண்டாம் என்றார், ஊரில் மாமனார் வீட்டில் தான் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். பாத்திரம் துலக்கும் தம்பி மட்டும், "போடுங்கண்ணே, ஆனா கையில போன் இருக்கணும், ஏப்ரனை கழட்டிட்டு" என்றார். ஏப்ரன் இருந்தால்தானே நீங்கள் என்று நண்பர் சொல்லிப் பார்த்தார். தம்பி மசியவில்லை.

கட்டட உரிமையாளருக்கு இன்னும் எழுதவில்லை. முதலில் பாசியைச் சுரண்ட வேண்டும், அதற்கே தனிச் செலவு. ஏப்ரனா இல்லையா என்பதை ஓவியர் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.